போகிக்குத் தப்பிய ரசீது

இந்தப் போகிக்கு விழுப்புரத்தில் எங்கள் வீட்டு வாசலில் எரியக் காத்திருந்தவை: நைந்த பாய் ஒன்று, காலண்டர் இரண்டு, கல்யாணப் பத்திரிகை ஒரு கட்டு. கொளுத்துமுன் பத்திரிகைகளை உதறிப் பார்ப்பேன். மறந்துபோன நூறு ரூபாய் நோட்டு ஏதாவது விழாதா என்கிற நப்பாசைதான். விழுந்தது ரசீது. முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்கு, ரூபாய் 10,000.

2024 டிசம்பரில் கொடுத்தது. ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் மட்டும் 51 சென்டிமீட்டர் கொட்டிய நேரம். அரிசியும் போர்வையும்கூடக் கொடுத்தேன். ஆனால் நன்கொடைக்கு வருமான வரிக் கழிவு தரும் 80ஜி பிரிவுக்கு அரிசி தெரியாது, போர்வை தெரியாது. பணம்தான் தெரியும். அதிலும் ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் கண்ணை மூடிக்கொள்ளும். நல்லவேளை, இது வங்கி வழியாகப் போயிருந்தது. இந்த நிதிக்கு முழுத்தொகையும் கழிவு. இருபது சதவீதம், செஸ் சேர்த்து 2,080 ரூபாய் என்று வாசற்படியிலேயே கணக்குப் போட்டுவிட்டேன்.

"தர்மம் பண்ணிட்டு மீதிச் சில்லறை கேப்பீங்களா?" என்றாள் மனைவி.

பொங்கல் கழிந்ததும் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் திண்டிவனம் பஸ் ஏறினேன். எங்கள் ஆடிட்டர் அங்கேதான். கூட்டேரிப்பட்டில் மயிலம் திருப்பம் வந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். முருகனிடம் தொகையையும் சொல்லி வைத்தேன்.

ஆடிட்டர் வெளியே போயிருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த தம்பி ரசீதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"போன டிசம்பர் 31 வரைக்கும் ரிட்டர்னை ரிவைஸ் பண்ணியிருக்கலாம் சார். ரெண்டு வாரம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

"போகி ஜனவரியிலதானேப்பா வருது!"

நானும் விடவில்லை. "அப்டேட்டட் ரிட்டர்ன்னு ஒண்ணு இருக்காமே? நாலு வருஷம் டைமாமே?"

"அது கூடுதலா வரி கட்டறவங்களுக்கு சார். குறைச்சுக்கறதுக்கு இல்ல."

அதாவது கொடுக்க வருகிறவனுக்கு நாலு வருஷம் கதவு திறந்திருக்கும். வாங்க வந்தவனுக்கு டிசம்பரோடு சாத்திவிட்டார்கள். இந்த விஷயத்தில் சித்திரகுப்தன் எவ்வளவோ மேல். அவன் ரசீதே கேட்பதில்லை.

தம்பிக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. தாமதத்தை மன்னிக்கச் சொல்லி 119(2)(பி) பிரிவில் மனுப் போடலாமாம். மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து வருஷம் வரை அவகாசம். ஒரு கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையைக் கமிஷனர் மட்டத்திலேயே முடித்துவிடுவார்களாம். என்னுடையது அந்த வரம்புக்குள் வசதியாகவே அடங்கியது.

"தாமதத்துக்குக் காரணம் என்ன சார் போடட்டும்?"

"ரசீது கல்யாணப் பத்திரிகைக்குள்ள இருந்துச்சு."

அவன் நிஜமாகவே தட்டச்சு செய்ய ஆரம்பித்தான். அந்த நேரத்தில் ஆடிட்டர் உள்ளே வந்தார். கதையைக் கேட்டார். எதுவும் பேசாமல் என் பழைய ரிட்டர்னைத் திறந்தார்.

"சார், செப்டம்பர்ல 'எதுல வரி கம்மியோ அதைப் போடுங்க'ன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"புது வரி முறையிலதான் கம்மியா வந்துச்சு. அதைத்தான் போட்டோம். அதுல 80ஜியே கிடையாது. நீங்க அன்னிக்கே ரசீதோட வந்திருந்தாலும் அஞ்சு பைசா குறையாது."

தம்பி தட்டச்சை நிறுத்தினான்.

டீக்கும் வடைக்கும் ஆடிட்டரே காசு கொடுத்தார். அதுவும் தர்மக் கணக்குதான், கழிவு கிடைக்காது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி எதுவும் கேட்கவில்லை; முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்திருப்பாள். ரசீதை வாங்கிப் பழைய பேப்பர் அட்டைப்பெட்டியில் போட்டாள். அடுத்த போகிக்கு இன்னும் பதினோரு மாசத்துக்கு மேல் இருக்கிறது.