சாமியாருக்குக் குதிரை முட்டை

ஏலே பேராண்டி, துபாய்ச் சம்பளம் பையில கனக்குதாக்கும். பங்குச் சாமியாருக்குக் கிறிஸ்மஸுக்கு என்ன குடுக்கலாம்னு எங்கிட்ட வந்து நிக்கே. சரியான ஆளுகிட்டதான் வந்திருக்கே. உபதேசியாரா இருந்து எத்தனையோ சாமிமாருக்குச் சாவிக்கொத்து தூக்கினவன் நான். பங்களா அலமாரியில என்ன கிடக்குன்னு அவுகளைவிட எனக்கு நல்லாத் தெரியும்.

கிடக்கிறதைச் சொல்லுதேன், கேளு. பொன்னாடை. அதுக்கு மேல பொன்னாடை. பேரு பொறிச்ச கேடயம், கண்ணாடி போட்ட பெரிய படம், சுவர்க்கடிகாரம். ஒரு கடிகாரமாவது ஓடுதா? பூசைக்கு மணி அடிக்கணும்னா கோயில்பிள்ளை தன் கைக்கடிகாரத்தைத்தான் பாக்கான். சாமிக்கு மாத்தல் வரும்போது இதுல ஒண்ணையும் தூக்கிட்டுப் போக முடியாது. அடுத்து வர்ற சாமி அதையெல்லாம் தாண்டித் தாண்டித்தான் கட்டிலுக்குப் போகணும். அதெல்லாம் சாமிக்குக் குடுத்ததாலே? பங்களாச் சுவருக்குக் குடுத்தது.

இத்தாலியிலேருந்து வந்து நம்ம காமநாயக்கன்பட்டிப் பக்கமும் வேதம் போதிச்ச வீரமாமுனிவர் இருக்காகல்லா, தேம்பாவணி பாடினவுக, அவுகதான் பரமார்த்த குரு கதையும் எழுதி வச்சாக. குருவுக்கு ஒரு குதிரை வேணும்னு சீடப்பிள்ளைக அலையுதானுக. வழியில பூசணிக்காயைப் பாத்துட்டு இது என்னய்யான்னு கேக்கானுக. குதிரை முட்டைன்னு அங்க ஒருத்தன் அளந்து விடுதான். இவனுக காசை எண்ணி வச்சிட்டு அதைத் தூக்கிட்டு வாரானுக. தனக்கு வந்து சேந்த பரிசுகளைப் பாத்துத்தான் அந்தச் சாமி இதை எழுதியிருப்பாகன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு சந்தேகம். ஒண்ணு கவனிச்சியா? குருவுக்குக் குதிரை வேணும்ங்கிற வரைக்கும் சீடனுக்குச் சரியாத்தான் புரிஞ்சிருக்கு. வாங்கப் போன இடத்துலதான் புத்தி போச்சு.

கேக்குக்கு வருவோம். 24-ந் தேதி சாயங்காலம் பங்களாத் திண்ணையில போய்ப் பாரு, பிளம் கேக்கு டப்பா வரிசைகட்டி இருக்கும். சாமிக்குச் சர்க்கரை உண்டா இல்லையான்னு குசினிக்காரிகிட்ட ஒரு வார்த்தை கேட்டவன் ஊருல ஒருத்தன் இருந்தா எனக்குக் காட்டு. முதலூர் மஸ்கோத் அல்வா வாங்கிட்டு வாரவன் இன்னும் மோசம். சாமி ஒரு துண்டு வாயில போட்டாத்தான் போவேன்னு வாசல்லயே நிக்கான்.

உன் பெட்டியில ஒரு பாட்டில் இருக்குன்னு உங்க ஆச்சி சொன்னா. அது அங்கனயே இருக்கட்டும். பூசைக்குக் கலப்படம் இல்லாத திராட்சை ரசந்தான் ஆகும், அதுக்கு வேற ஏற்பாடு இருக்கு. நீ ஏர்போர்ட்டுல வாங்கினதைச் சாமி கையில குடுத்தேன்னு வை, ஊரு அதை உன் கணக்குல எழுதாது. பூசை உடுப்பு எடுக்கணும்னா நிறம் பாத்து எடு. கிறிஸ்மஸுக்கு வெள்ளை. பளபளன்னு இருக்கேன்னு ஊதாவை எடுத்தியானா, தவக்காலம் வரைக்கும் அது பெட்டிக்குள்ளதான்.

முதல்ல, சாமி எந்த வகைன்னு தெரிஞ்சுக்க. சேசு சபை, சலேசிய சபைச் சாமிமாருன்னா ஏழ்மை வார்த்தைப்பாடு குடுத்தவுக. நீ குடுக்கிற பேனா சபைச் சொத்து. அடுத்த வாரம் இன்னொரு சாமி அதை வச்சு எழுதுவாக, நீ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கக் கூடாது. மறைமாவட்டச் சாமிமாருக்கு அந்த வார்த்தைப்பாடு கிடையாது, எளிமையா இருக்கணும்னு மட்டும் சட்டம் சொல்லுது. 1983-ல வந்த திருச்சபைச் சட்டம் நம்ம வீட்டுப் பரண்ல இருக்கு, வேணும்னா எடுத்துப் பாரு. பங்குச் சாமி கையில குடுக்கிற காணிக்கையை, வேற மாதிரி சொல்லாட்டி, பங்குக்கே குடுத்ததா வச்சுக்கணும்ங்குது அதுல 1267-ம் பிரிவு. அதனால கவர் மேல ‘சாமியின் சொந்தச் செலவுக்கு’ன்னு கொட்டை எழுத்துல எழுது. எழுதலைன்னா உன் பணம் கோயிலுக்கு வெள்ளையடிக்கப் போயிரும். அதுவும் புண்ணியந்தான், ஆனா சாமி செருப்பு தேஞ்சது தேஞ்சதுதான்.

அதே புத்தகத்துல 951-ம் பிரிவையும் பாரு. ஒரு நாள்ல எத்தனை பூசை வச்சாலும் சாமி ஒரு பூசைக் காணிக்கையைத்தான் தனக்குன்னு வச்சுக்கலாம், மிச்சம் மேலிடம் சொல்லுத காரியத்துக்குப் போயிரும். கிறிஸ்மஸ் அன்னைக்கு மட்டும் அந்தக் கட்டு இல்லை. திருச்சபையே பாத்துப் பரிதாபப்பட்டு விட்ட நாள் அது. நம்ம ஆளுக அன்னைக்குன்னு பாத்துத்தான் காணிக்கையை மறந்துட்டு கேக்கோட வாரானுக! இன்னொரு வழியும் இருக்கு. சாமியோட அப்பா செத்துட்டாகன்னா, பக்கத்துப் பங்குல போய் அவுக ஆத்துமத்துக்கு ஒரு பூசை சொல்லி வச்சிட்டு, அந்தத் தேதியை ஒரு அட்டையில எழுதிக் குடு. ஊருல செத்தவனுக்கெல்லாம் பூசை வைக்கிற மனுசனுக்கு, அவுக அப்பா பேரை நாம நினைச்சுச் சொன்னா எப்படி இருக்கும்னு யோசிச்சுக்க.

கையில ஒரு பொருளாத்தான் குடுக்கணும்னா பத்தமடைப் பாய் ஒண்ணு வாங்கு. சுருட்டிக் கக்கத்துல வச்சா மாத்தலுக்கும் கூடப் போகும். திருநாளு முடியவும் சாமிக்கு முதல்ல வேண்டியது தூக்கந்தான். பாவசங்கீர்த்தனம் கேட்டு, நடுச்சாமப் பூசை வச்சு, விடியக் கிளைக்கிராமத்துக்கு ஓடி, திரும்பி வந்து பகல் பூசையும் வச்ச உடம்பு அது. 24-ந் தேதிக்குள்ள குடுத்தே ஆகணும்னு பறக்காதே. மூணு ராசாக்க திருநாளே ஜனவரியிலதான் வருது. பிந்தி வந்த அவுகளை யாரும் திருப்பி அனுப்பலை.

இப்ப உன் மடியில இருக்கிற விசயத்துக்கு வாரேன். உன் மகளுக்குக் கோயில் பள்ளிக்கூடத்துல சீட்டு வேணும், தெரியும்லே. அப்போஸ்தலர் பணியில சீமோன்னு ஒரு மந்திரவாதி வாரான். பரிசுத்த ஆவியைக் குடுக்கிற வரத்தை வெள்ளிக்காசு குடுத்து வாங்கப் பாத்தான். இராயப்பர் அவனை எப்படித் திட்டினாகன்னு எட்டாம் அதிகாரத்துல இருக்கு, படி. சீட்டு ஆவியோட வரம் இல்லைதான், ஆனாலும் நூல் கட்டிக் குடுக்கிற பரிசு சாமிமாருக்குக் கையில வாங்கும்போதே தெரிஞ்சிரும்.

25-ந் தேதி மத்தியானம் ஊரே கறிச்சோறு தின்னுட்டுக் குறட்டை விடும். குசினிக்காரியும் பிள்ளைகளைப் பாக்க வீட்டுக்குப் போயிருவா. சாமி அத்தனை கேக்கு டப்பாவோட ஒத்தையில இருப்பாக. நம்ம வீட்டுல சாப்பிட முந்தியே போய்க் கூட்டிட்டு வந்து இலை போடு. இலையில உக்காந்திருக்கும்போது சீட்டுப் பேச்சை எடுத்தே, நானே எந்திரிச்சு உன்னை வெளிய அனுப்பிருவேன். அதுக்குன்னு அட்மிஷன் நேரம் ஒண்ணு வரும்லா, அப்ப எல்லாரு மாதிரியும் வரிசையில நில்லு.