எக்கோவைக் குறைக்காதீங்க தம்பி

எங்கள் குடியிருப்பில் மாதத்தின் கடைசி சனிக்கிழமை கரோக்கி. காதல் பாட்டுக்காரர்கள் சீக்கிரம் பாடி முடித்து, தோசை சுடப் போய்விடுவார்கள். அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. எட்டரை மணிக்கு மேல் மைக்கைப் பிடிக்கிறவர்கள்தான் எழுச்சிப் பாட்டுக்காரர்கள்.

'மன்னாதி மன்னன்' படத்தில் டி.எம்.எஸ். அச்சத்தைத் திட்டிப் பாடியது 1960-இல். தரைத்தளத்து ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் இன்னும் திட்டிக்கொண்டிருக்கிறார். 'அண்ணாமலை'யில் ரஜினி சவால் விட்டது 1992-இல். ஏ பிளாக் ஐ.டி. பையன் அதை அப்ரைசல் மாதத்தில் மட்டும் பாடுவான். எவ்வளவு கூட்டிக்கொடுத்தார்கள் என்பது அவன் கத்துவதிலேயே தெரிந்துவிடும்.

இந்த இனத்தின் உச்சம் பி பிளாக் மூன்றாவது மாடி அக்கா. 52 வயது. பேச வராது என்றில்லை. யாரும் பேசி முடிக்க விடுவதில்லை. வீட்டில் "நான் என்ன சொல்றேன்னா..." என்று ஆரம்பித்தால் அவர் வீட்டுக்காரர் டி.வி. சத்தத்தைக் கூட்டுவார். அசோசியேஷன் கூட்டத்தில் கையைத் தூக்கினால், "அதை அடுத்த மீட்டிங்ல எடுத்துக்கலாம் மேடம்" என்பார் செயலாளர். அந்த அடுத்த மீட்டிங் மூன்று வருடமாக வரவில்லை.

அக்கா பாடுவது ஒரே பாட்டு. 'ஆட்டோகிராஃப்' படத்தில் சித்ரா பாடிய தன்னம்பிக்கைப் பாட்டு. சித்ராவுக்கும், எழுதிய பா.விஜய்க்கும் அது தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. அக்காவுக்கு, யாரும் குறுக்கே பேசாத ஐந்து நிமிடம்.

முதலில் மைக்கை முந்தானையால் துடைப்பார். "ஒரு கட்டை இறக்குங்க தம்பி. எக்கோவைக் குறைக்காதீங்க." பிறகு பையிலிருந்து நாற்பது பக்க நோட்டு வெளியே வரும். திரையில்தான் வரிகள் ஓடுகிறதே என்றால், "அது இங்கிலீஷ் எழுத்துல ஓடுது. பள்ளியா பல்லியான்னு யோசிக்கிறதுக்குள்ள வரி போயிடுது" என்பார். நியாயம்தான்.

ஜப்பானிய மொழியில் கரோக்கி என்றால் காலி ஆர்கெஸ்ட்ரா என்று அர்த்தம். கோபே நகரத்து இசைக்காரர் டைசுகே இனோவே 1971-இல், 100 யென் காசு போட்டால் பின்னணி இசை கொடுக்கும் பெட்டியைச் செய்தார். காப்புரிமை வாங்க வேண்டும் என்று தோன்றவில்லை, பாவம். மனிதர்கள் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளப் புது வழி காட்டினார் என்று 2004-இல் அவருக்கு இக் நோபல் அமைதிப் பரிசு கொடுத்தார்கள். நோபலைக் கிண்டல் செய்யும் பரிசு அது. 'ஆட்டோகிராஃப்' வந்ததும் அதே வருடம்தான்.

பாட்டிலும் ஒரு காலி இடம் இருப்பதை அக்கா போன மாதம் கண்டுபிடித்தார். இடையிசை. மற்றவர்கள் அந்த நேரத்தில் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தொடையில் தாளம் போடுவார்கள், தண்ணீர் குடிப்பார்கள். அக்கா மைக்கை இறக்கவே இல்லை.

"என் ஸ்கூட்டர் நிறுத்துற இடத்துல மூணு வருஷமா ஒரு வெள்ளைக் கார் நிக்குது... நிக்குது... நிக்குது..."

எக்கோ பார்க்கிங் வரை போய்த் திரும்பியது. செயலாளர் எழுந்தார். அதற்குள் சரணம் வந்துவிட்டது. அந்தப் பாட்டின் சரணத்தில் குறுக்கே பேசினால் ஊர் என்ன சொல்லும்? உட்கார்ந்துவிட்டார். அடுத்த இடையிசையில் அக்கா கார் நம்பரைச் சொன்னார். ஒரு எண்ணுக்கு ஒரு மூச்சு, நிறுத்தி நிதானமாக.

சுருதி அன்றைக்கும் சேரவில்லை. ஆனாலும் அப்படியொரு கைதட்டலை எங்கள் குடியிருப்பில் நான் கேட்டதில்லை. அவர் வீட்டுக்காரர்கூட டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

மறுநாள் காலை பால் வாங்கப் போனபோது பார்த்தேன். வெள்ளைக் கார் தெருவில், வேப்பமரத்தடியில் நின்றது. கண்ணாடி முழுக்கக் காக்கா எச்சம்.