பழைய செல்போனைக் கைவிடும் காலம்: புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வு நோக்கம்: செல்போனையும் கம்ப்யூட்டரையும் எப்போது மாற்றுவது என்று துணிதல். குடுமியான்மலை இசைக் கல்வெட்டை வெட்டுவித்தவர் மகேந்திரவர்மனா இல்லையா என்ற சர்ச்சையில் அறிஞர்கள் ஏற்கெனவே நெருக்கியடித்து நிற்பதால், ஆய்வாளர் கீழ ராஜ வீதிக்கு இறங்கி வர நேர்ந்தது.

ஆய்வு எல்லை: வடக்கே விராலிமலை, தெற்கே மணமேல்குடி, மேலே டவர்.

கருதுகோள்: முடிவுரை எழுதியபின் மரபுப்படி அமைக்கப்பட்டது.

முன்னாய்வுகள்: மைக்ரோசாப்ட் மரபினர் நாள் குறிப்பதில் வல்லவர்கள். விண்டோஸ் எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரல் 8, விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரி 14, விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14. அன்றோடு வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. அதன்பின் நெட்டில் இணைத்தால் வருவதை அனுபவிக்க வேண்டியதுதான். ஆனால் மறுநாள் காலை நம்மூரில் எந்தக் கம்ப்யூட்டரும் எழ மறுத்ததாகச் சான்றில்லை (டீக்கடை வாய்மொழி, இரண்டாம் பெஞ்சு).

இனி வகைப்பாடு.

1. பேட்டரி உப்பிய போன்: உள்ளே வாயு சேர்ந்துவிட்டது. ஆய்வை நிறுத்திவிட்டு உடனே மாற்றுக.

2. திரை நொறுங்கிய போன்: செலோடேப் தீரும்வரை.

3. வாட்ஸ்அப் நின்ற போன்: மிகப் பழைய ஆண்ட்ராய்டில் அந்தச் செயலி வராது. குடும்பக் குழுவில் வாய்ச்சண்டை நடக்கும் காலங்களில் இதை மாற்றாதிருத்தல் நலம்.

4. பட்டன் போன்: 2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்து, ஆலங்குடி, கீரமங்கலம் பக்கம் கரன்ட் கம்பங்கள் சாய்ந்து கிடந்தபோது, டச் போன்கள் ஜெனரேட்டர் இருந்த வீட்டு வாசலில் சார்ஜுக்குக் காத்துக் கிடந்தன. பட்டன் போன் மட்டும் நிமிர்ந்து நின்றது. டவர் இல்லாததால் யாரோடும் பேச முடியவில்லை என்பார் சிலர். டார்ச் எரிந்ததை அவர்கள் வசதியாக மறைக்கிறார்கள் (மேற்படி பெஞ்சு, சுவரோரம் அமர்ந்தவர், இரண்டாம் டீக்குப் பின்).

5. அரசு லேப்டாப்: 2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தில் வந்தது. அதை வாங்கிய பிள்ளை இன்ஜினியரிங் முடித்து வேலைக்கே போயாயிற்று. லேப்டாப் பரணில் இருக்கிறது. மாற்றும் பேச்சில்லை, மூடியில் கோபுர முத்திரை உண்டு.

6. டிடிபி சென்டர் கம்ப்யூட்டர்: இவ்வாய்வின் இதயம் இதுவே. விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர் 7, பாமினி எழுத்துரு. பேஜ்மேக்கரின் அந்தக் கடைசிப் பதிப்பு வந்தது 2001இல். பக்கவாட்டு மூடி கழற்றப்பட்டு, உள்ளே டேபிள் ஃபேன் காற்று போகிறது. கீபோர்டில் எழுத்துகள் தேய்ந்து வெறும் கட்டைகளே எஞ்சியுள்ளன. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃபிளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என ஒரு குடும்பத்தின் முழு வரலாறும் இதனுள் உறைகிறது.

இதன் வயதைக் கணிக்க ஆய்வாளர் ஒரு முறை கண்டார்: ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை சிபியுவில் வைக்கும் சந்தனப் பொட்டு. ஒரு பொட்டுக்கு ஓராண்டு. ஒரே பூஜையில் அப்பா ஒன்றும் மகன் ஒன்றும் வைத்திருக்கலாம் என்பர் ஒருசாரார். ஏழாம் பொட்டு இடைச்செருகல் என்பர் மறுசாரார். இரு சாராரும் கடைக்கு வந்து பார்த்ததில்லை (சிபியு, வலப்புறம், சந்தன அடுக்கு 7, குங்குமம் சிதைந்துள்ளது; ஒப்புநோக்குக: பக்கத்துக் கடை ஜெராக்ஸ் மெஷின், மேல்மூடி, பொட்டு 3; பாடபேதம்: திருநீறு; துடைத்தவர் பெயர் தெரியவில்லை).

இதை ஏன் மாற்றவில்லை? யூனிகோடில் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு. பாமினியிலோ ஆங்கில எழுத்தின் நாற்காலியில் தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும். புது மெஷின் வாங்கினால் பழைய கோப்புகளை எல்லாம் உருமாற்றிப் பிழை திருத்தியாக வேண்டும். அதற்குள் அடுத்த முகூர்த்தம் வந்துவிடும்.

முடிவுரை: கருவி தானாகச் சாவது அரிது. அதோடு ஒத்துப்போன செயலியோ எழுத்துருவோ கம்பெனியோ விலகும்போதுதான் அதற்குக் கிழடு தட்டுகிறது. எனவே, தன் வேலை நடக்கும்வரை வைத்திருக்கலாம். பேங்க் கணக்கைத் திறக்கும் கருவியை மட்டும் திருத்தம் நின்ற நாளில் மாற்றிவிடலாம்.

மேலாய்வுக்குரிய களம்: கணினித் தமிழின் எதிர்காலம் பற்றிய முனைவர் பட்ட ஆய்வேடு ஒன்றும் இதே கம்ப்யூட்டரில்தான் பாமினியில் அடிக்கப்பட்டது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் முதல் பக்கம் முதல் கடைசிவரை ஆங்கில எழுத்துக் குப்பையாகவே தெரியும். புறத்தேர்வாளர் அப்படியே படித்து, நடை தெளிவாக உள்ளது என்று எழுதிக் கொடுத்தார்.