விதைக்கு விட்ட காய்

எங்கள் வீட்டில் பீர்க்கங்காய் நார்க்கூட்டை யாரும் செய்ததில்லை. அது தானாக ஆனது.

கொல்லை வேலியில் படர்ந்த கொடியில் நல்ல நீளமாக இறங்கிய காய் ஒன்றில் அப்பத்தா கந்தல் துணியை முடிந்துவிடுவார். "அதுல யாரும் கை வைக்கப்படாது." விதைக்காய் என்று அர்த்தம். மற்றதெல்லாம் கூட்டுக்கு, அவற்றின் தோல் துவையலுக்கு. விட்ட காய் மஞ்சளாகி, பழுப்பேறி, ஆட்டினால் விதை குலுங்கும்வரை தொங்கும். பிறகு தோலை நொறுக்கி உரித்து, நுனியில் மூடி கழன்ற ஓட்டை வழியாகக் கறுப்பு விதைகளை உதறி எடுத்து, சாம்பலில் புரட்டி வைப்பார். தோல் உரிய மறுத்தால் காயைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். மிஞ்சிய நார்க்கூடு கிணற்றடிக்குப் போகும்.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலில் அது எங்கள் முதுகில் இறங்கும். நனைத்துச் சற்று வைத்திருந்தால் கூடு மெத்தென்று ஆகிவிடும். அந்தப் பொறுமை அப்பத்தாவுக்குக் கிடையாது.

பிறகு ரோஜா நிற நைலான் பந்து வந்தது. கூடு பட்டிக்காட்டுச் சாமான் ஆனது. (இரண்டாம் உலகப் போருக்கு முன்பே ஜப்பானிலிருந்து கூடுகளை வாங்கி, கப்பல் எஞ்சின்களில் எண்ணெய் வடிகட்ட வைத்துக்கொண்டது அமெரிக்கா. நமக்கு முதுகு தேய்க்கவே கூச்சம்.) ஆனால் பழியை நைலான்மேல் மட்டும் போட மாட்டேன். வீரிய ஒட்டு விதை பாக்கெட்டில் வந்தபோதே கூட்டின் கதை முடிந்தது. ஒட்டுக் கொடியின் காயிலிருந்து எடுத்த விதை தாயைப்போலக் காய்க்காது. வருஷா வருஷம் புதுப் பாக்கெட்தான். அப்புறம் விதைக்காய் எதற்கு? எல்லாக் காயும் பிஞ்சிலேயே சந்தைக்குப் போயின.

இப்போது அதே கூடு பழுப்புக் காகித உறையில், சணல் கயிறு கட்டி, இரண்டு கிலோ பீர்க்கங்காயின் விலைக்கு வருகிறது. கூடவே ஒரு குறிப்பு: 'பயன்படுத்தியபின் உலர விடவும்.' கிணற்றடிக் கொடிக் கம்பியில் அப்பத்தா அதைச் செருகி வைத்ததற்கு யாரும் குறிப்பு எழுதித் தரவில்லை.

என் மகன் மொட்டைமாடியில் தானே வளர்க்கிறான். நைலானை ஒழிப்பதுதான் நோக்கம். கொடி ஏறுவது நைலான் வலையில். பீர்க்கம்பூ அந்தியில்தான் மலரும். அலுவலகம் விட்டு வந்ததும் கைப்பேசி வெளிச்சத்தில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் ஒற்றிக்கொண்டிருக்கிறான். வேலியோரத்தில் இந்த வேலையை அந்துப்பூச்சிகள் சம்பளமில்லாமல் செய்தன.

நீங்களும் போடுவதாக இருந்தால் நாட்டு விதையாகக் கேட்டு வாங்குங்கள். தைப் பட்டத்தில் ஊன்றினால் சித்திரை வெயிலே காயவைத்துத் தந்துவிடும். ஆடியில் ஊன்றியவர்கள், காய் மஞ்சளாகி எடை குறைந்ததும், ஐப்பசி மழை அழுக வைப்பதற்குள் பறித்து வீட்டுக்குள் தொங்கவிடுங்கள். நீளமான காயாகப் பார்த்து ஒரு துணியை முடிந்துவிடுங்கள். சமையல்கட்டிலும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.