தணிகை மலையில் தொலைந்த மொட்டை: ஓர் ஆய்வு

ஆடிக் கிருத்திகையன்று திருத்தணி மலையில் கைநழுவிய பிள்ளையை மீட்கும் வழியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வுக் கருவி, ஜப்பானியரான யுகிஹிரோ மாட்சுமோட்டோ 1995இல் வெளியிட்ட ரூபி என்னும் நிரல்மொழி. ஆய்வுக் களம் 365 படிகளும் மேலே உள்ள பிராகாரமும். கண்ணில் படுவன: சந்தனம் பூசிய மொட்டை, மஞ்சள் துணி, தோளில் காவடி.

தகப்பனார் முதலில் நாடுவது ரூபியின் ஃபைண்ட் என்னும் கட்டளை. தலை மொட்டை, துணி மஞ்சள் என்று சொல்லிவிட்டால் அது கூட்டத்தை முன்னாலிருந்து ஒவ்வொருவராகப் பார்த்துவந்து, பொருந்துகிற முதல் ஆளோடு நின்றுவிடும். கிடைப்பது ஊரான் வீட்டுப் பிள்ளை. யாருமே பொருந்தாவிட்டால் ‘நில்’ என்று வெறுங்கையை விரிக்கும். தணிகையில் அதற்கு வாய்ப்பே இல்லை. அற்றேல் செலக்டைக் கொள்க எனின், அது பொருந்துகிற அத்தனை பேரையும் தரும். மலையே திரண்டு எதிரே நிற்கும்.

தெலுங்கு பேசாதவன் என்று வடிகட்டலாமே என்பாரும் உளர். ஆந்திரத்திலிருந்த திருத்தணி 1960 ஏப்ரல் 1 அன்று நம் பக்கம் சேர்ந்தது மெய்தான். ஆனால் இவ்வூரில் ஒரே வாய் இரண்டும் பேசும்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை. தலை மொட்டையா என்று வினவ இரட்டைச் சமக்குறி இடவேண்டும். அவசரத்தில் ஒற்றைக்குறி இட்டால் ரூபி வினவாது. எதிர்ப்பட்ட முதல் ஆளுக்கு மொட்டை அடித்து, ‘இதோ உங்கள் பிள்ளை’ என்று ஒப்படைத்துவிடும். செலக்டில் இதே பிழை நேர்ந்தால் வேண்டுதல் இல்லாதவர்க்கும் முடி மிஞ்சாது.

பெயரையே திறவுகோலாக்கி ஹாஷ் என்னும் அட்டவணை கட்டினால் வரிசையாகத் தேடவேண்டாம், நேரே எடுக்கலாம் என்பது மூத்த நிரலர் கொள்கை. நன்று. பிள்ளையின் பெயர் முருகன். ஒரே திறவுகோலில் ஒவ்வொருவனாக வைத்துக்கொண்டே போனால் முந்தையவன் அழிந்து கடைசி முருகனே எஞ்சுவான். குரூப்_பையைக் கொண்டாலோ எல்லா முருகன்களும் ஒரே பட்டியலில் வந்து உட்காருவார்கள், பழைய கதைதான். சரி, நிரலை விட்டுவிட்டு ‘முருகா!’ என்று தொண்டை கிழியக் கூப்பிட்டால், ‘அரோகரா!’ என்று மலை முழுவதும் பதில் சொல்கிறது.

எனவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். மொட்டை அடிக்க உட்காரவைக்கும் முன்பே பிள்ளையின் மணிக்கட்டில் கைபேசி எண்ணை எழுதிவிடுங்கள். அந்த எண் வேறெவனுக்கும் இராது. மை மட்டும் சந்தனத்துக்கும் வியர்வைக்கும் அழியாததாக இருக்கட்டும்.