குரூப் போட்டோ இலக்கணம்

பல்லி விழுந்தால் பலன் பார்க்கப் பஞ்சாங்கத்தில் பக்கம் உண்டு. கனவுக்குப் பலன் சொல்லக் கனா நூல் உண்டு. பிளஸ் டூ படிக்கும் பிள்ளையைப் புகைப்படத்துக்கு ஆயத்தம் செய்யும் வகை பற்றி மட்டும் நம் முன்னோர் ஒரு சூத்திரமும் எழுதி வைக்கவில்லை. அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி வந்ததே 1978இல். முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980இல். அதற்கு முன் இந்தச் சடங்கு பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.க்கு உரியதாக இருந்தது.

படம் இருவகைப்படும்: குரூப் போட்டோ, பாஸ்போர்ட் போட்டோ. குடும்பத்தார் கவலைப்படுவது முன்னதற்கு. ஆகவே அதை முதலில் ஆராய்வோம்.

தலையிலிருந்து தொடங்குக. பையனின் தலைமுடியில் மூவருக்குப் பாத்தியதை உண்டு. எண்ணெய் வைக்கும் உரிமை அம்மாவுக்கு. வெட்டச் சொல்லும் உரிமை பி.டி. சாருக்கு, கோதிவிடும் உரிமை பையனுக்கு. காதோரம் வழித்து உச்சியில் காடு வளர்க்கும் முறையைப் பையன் ‘ஃபேட்’ என்பான். சலூன்காரர், “சைடை ஒட்டிடலாமா தம்பி?” என்பார். பி.டி. சார் சொல்வது அச்சிடத் தக்கதன்று. படம் எடுக்கும் நாள் காலையில் அம்மா வைத்தனுப்பிய தேங்காயெண்ணெய் பள்ளிக் குழாயடியில் கழுவப்படுகிறது. எண்ணெய் நீரில் கரையாது என்று எழுதி மதிப்பெண் வாங்கிய பிள்ளையே இதைச் செய்கிறது என்பது நோக்கத்தக்கது.

பெண்பிள்ளைக்கு இவ்வழக்கு இல்லையோ எனின், அற்றன்று. இரட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டுவது விதி; நெற்றியோரம் இரண்டு முடியை இழுத்துவிடுவது விதிவிலக்கு. மிஸ் தாண்டிப் போனதும் அவை வெளியே வரும், மிஸ் திரும்பியதும் காதுக்குப் பின்னால் போகும்.

அடுத்தது பரு. அந்த வயதில் தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் மிகுதியாகச் சுரந்து மயிர்க்கால் அடைபடுவதால் வருவது என்பர் மருத்துவர். உடம்புச் சூடு என்பர் பாட்டியார். செல்போன் என்பர் தந்தையார். முந்தின இரவில், அதுவும் மூக்கு நுனியில் வரும் என்பதில் மட்டும் மூவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை. சந்தனம் பூசி, கடலை மாவு பூசி, ஈற்றில் பற்பசை பூசுவார்கள். பற்பசை தோலை எரித்துச் சிவப்பைக் கூட்டும். வேறு பயன் இல்லை.

இனி, இத்தனை பாடும் படத்தில் எவ்வளவு இடம் பெறுகிறது என்று அளப்போம். தரையில் ஒரு வரிசை சம்மணமிட்டு, வகுப்பும் ஆண்டும் எழுதிய பலகையோடு. நாற்காலிகளில் நடுவே தலைமையாசிரியர், இருபுறமும் ஆசிரியர்கள். அவர்களுக்குப் பின்னால் நிற்போர், பெஞ்சில் நிற்போர், மேசைமேல் பெஞ்சு போட்டு அதில் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்போர். ராத்திரி உட்கார்ந்து பாலிஷ் போட்ட ஷூ ஒன்றுகூட இதில் தெரியாது. தெரிவன ஆசிரியர்களின் செருப்புகள். 12க்கு 8 அங்குலப் படத்தில் வரிசைக்குப் பதினாறு பேர் என்றால் ஆளுக்கு முக்கால் அங்குலம். அதில் தோள் போக முகத்துக்குக் கிடைப்பது ஆறேழு மில்லிமீட்டர், அதாவது ஒரு காய்ந்த பட்டாணி. பட்டாணியில் பரு தெரியாது.

அந்தப் பட்டாணியில் கண்ணாவது திறந்திருக்க வேண்டாமா? ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த பியர்ஸ் பார்ன்ஸும் நிக் ஸ்வென்சனும் இதற்குக் கணக்கே போட்டு, 2006இல் இக் நோபல் பரிசு வாங்கினார்கள். இருபது பேருக்குக் குறைந்த கூட்டமா? தலைகளை எண்ணி, நல்ல வெளிச்சத்தில் மூன்றாலும் மங்கலில் இரண்டாலும் வகுக்க. வரும் எண்ணிக்கையில் படம் எடுத்தால், ஒன்றிலாவது எல்லாக் கண்ணும் திறந்திருக்கும் என்று பெரும்பாலும் நம்பலாம். கூட்டம் ஐம்பதை எட்டினால் நல்ல வெளிச்சத்திலும் ஆசைப்படாதே என்பது அவர்கள் முடிவு. நம் போட்டோகிராபரோ அறுபது பேரை வைத்து மூன்று தடவை அமுக்கிவிட்டு, “ஓகே சார்” என்று ஸ்டாண்டை மடக்குகிறார். யாரோ ஒரு பிள்ளை கண்ணை மூடியிருக்கும். அது தன் பிள்ளையாகவே இருக்கும் என்பது தாய்மார் துணிபு.

சிரிப்பு தனி இயல். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து நகை பிறக்கும் என்றார் தொல்காப்பியர். நான்கும் ஒரே பெஞ்சின்மேல் நிற்பதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. பின்வரிசையில் அடக்கமுடியாமல் குலுங்குவதே அவர் சொன்ன நகை. “கொஞ்சம் சிரிங்கப்பா” என்று தலைமையாசிரியர் பணித்த பிறகு வருவது வேறு. உதட்டோரத்தை இழுக்கும் தசை சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றிய தசையோ உண்மையில் மகிழ்ந்தால்தான் அசையும் என்று பிரெஞ்சு மருத்துவர் டுஷேன் 1862இலேயே எழுதிவிட்டார். ஆணைக்குப் பிறப்பது பல் தெரியும் அச்சம். மெய்ப்பாடு எட்டில் அதற்குத் தனி இடம் உண்டு.

மற்றப் படத்துக்கு வருவோம். 35க்கு 45 மில்லிமீட்டர், முழுக்க முகம். ஹால் டிக்கெட்டில் ஏறி, மதிப்பெண் சான்றிதழில் உட்கார்ந்து, பிள்ளைக்கு நரைத்த பிறகும் கூடவே வரப்போவது இதுதான். இதற்கு நடக்கும் ஆயத்தமோ, இரண்டாம் பீரியடில் ஓர் அழைப்பு. வராந்தாவில் இரண்டு பேர் வெள்ளைத் துணியைப் பிடிக்க, ஒரே சீப்பு வகுப்பு முழுவதும் சுற்றி வருகிறது.

படம் வந்ததும் “இது நான் இல்ல” என்று பிள்ளை சொல்வதைத் திமிர் என்று கொள்ளற்க. மனிதர்கள் தம் கண்ணாடிப் பிம்பத்தை விரும்பினார்கள், அவர்களுடைய நண்பர்கள் நேர்ப்படத்தை விரும்பினார்கள் என்று 1977இல் அமெரிக்காவில் சோதித்தே காட்டியிருக்கிறார்கள். செல்ஃபி எடுக்கும்போது திரை காட்டுவதும் கண்ணாடிப் பிம்பந்தான். நாள் முழுதும் அதில் தன்னைக் கண்ட பிள்ளைக்கு வகிடு இடம் மாறிய முகம் அந்நியமே.

நீட் எழுதும் பிள்ளைக்கு விதி இன்னும் இறுக்கம்: வெள்ளைப் பின்னணி, எண்பது விழுக்காடு முகம், காதுகள் தெரிய வேண்டும். பி.டி. சார் இரண்டாண்டு போராடியும் மீட்க முடியாத காதுகளை அந்த ஒரு வரி மீட்டுத் தந்துவிட்டது.

ஆகவே பெற்றோருக்குச் சொல்வது இது. குரூப் போட்டோவுக்குப் பிள்ளையை அதன் போக்கில் விடுங்கள். பாஸ்போர்ட் படத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருமுனை ஸ்டுடியோவில் நிதானமாக எடுங்கள். 4க்கு 6 அங்குலத் தாளில் எட்டுப் படம் வரும். கல்லூரி, விடுதி, உதவித்தொகை, பஸ் பாஸ் என்று போனால் எட்டு காணாது. இரண்டு தாள் போடச் சொல்லி, சாஃப்ட் காப்பியையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.