சாவியைக் கீழே வையுங்கள்!

கேள்வி: அமெரிக்காவில் முப்பது வருஷம் கொட்டகையில் கிடந்த ‘மசில் கார்’ கிடைத்தால், புது பேட்டரி மாட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டியதுதானே? எதற்கு எஞ்சினையே பிரிக்கிறார்கள்?

பதில்: கும்பகர்ணனை முரசு கொட்டி எழுப்பலாம், 450 குதிரைத்திறன் கொண்ட 1970 செவ்ரோலெ செவெல்லை அப்படி எழுப்பினால் எலும்பு முறியும். டேங்கில் பெட்ரோல் பிசினாகியிருக்கும். ஏர் ஃபில்டரில் எலி பிள்ளை பெற்றிருக்கும். பிஸ்டன் ரிங்குகள் துருவேறி சிலிண்டரோடு ஒட்டியிருக்கும். அந்த நிலையில் சாவியைத் திருகினால் ரிங் உடைந்து சிலிண்டர் கீறிப் போகும். அதனால் எட்டு பிளக்கையும் கழற்றி, துளைகளில் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்து, நீளக் கைப்பிடி ஸ்பேனரால் கிராங்க்கைக் கையாலேயே அசைத்துப் பார்ப்பார்கள். அசையாவிட்டால் பிரிப்பதுதான் வழி.

பிரித்தபின் இன்னொரு கண்டம். பிளாக்கின் முன்பக்கம், வலது ஹெட்டுக்கு அருகே சின்ன மேடையில் காரின் எண் பொறித்திருக்கும். ‘இது பிறவி எஞ்சின்’ என்பதற்கு அதுவே சாட்சி. மேல்பரப்பைச் சமப்படுத்தும் பட்டறைக்காரர் கொஞ்சம் அசந்தால் எண் காலி, விலையும் பாதாளம்.

மாட்டி முடித்ததும் முதல் ஸ்டார்ட்டில் சும்மா உறுமவிடக் கூடாது. கேம் தேயாமலிருக்க 2,000 ஆர்பிஎம்மில் சுமார் 20 நிமிஷம் ஓடவேண்டும். பக்கத்து வீட்டாரோடு சுமுகமாக இருக்கும்போதே முடித்துக்கொள்வது நல்லது.

ஒன்று மட்டும்: எஞ்சினைப் புதுசாக்குங்கள், பெயின்ட்டில் அவசரப்படாதீர்கள். ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய மஸ்டாங், பழைய பெயின்ட்டும் நெளிசலுமாகவே 2020-ல் 37.4 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.